4462

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. என் கணவன் ரெமி இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கண்ணில் லென்ஸ் பொருத்திக் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைக்கிறவளுக்கு இது நல்ல குணமா? இல்லைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம் லெ சாந்தியே ஊர் மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கைக்கடிகாரச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. 'ஒரு பாகமும் மாறாதவை' என்ற பிரிவுக்கு நான்தான் நடுவர். வழக்கம்போல ஒவ்வொரு கடிகாரமாகப் பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஆடி ஆடி டிக்டிக் சத்தம் எழுப்பும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சின்னப் பாலத்தை எடுத்து, அதன் அடியில் உள்ள எண்ணைப் பார்ப்பேன். அடித்தட்டில் இருக்கும் எண்ணே அதிலும் இருந்தால் தேறிற்று. எட்டாவது கடிகாரம் லூசியான் கோலேயுடையது. லூசியான் ரெமியின் உயிர்த் தோழன். இரண்டு பேரும் முதல் சம்பளத்தில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரிக் கடிகாரம் வாங்கியவர்கள்.

அடித்தட்டில் 4417. பாலத்தைத் திருப்பினேன். 4462.

இன்னொரு முறை பார்த்தேன். 4462தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"லூசியான்! இங்க வா. இதென்ன அக்கிரமம்?"

அவன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மென்றுகொண்டே வந்தான். "என்னாச்சு, ஓடில்? மணி தப்பா காட்டுதா?"

"நீதான் தப்பா காட்டுற. வேற கடிகாரத்தோட பேலன்ஸ எடுத்து இதுல சொருகிட்டு, மாறாத பிரிவுல கொண்டுவந்து வெச்சிருக்க. எங்களப் பாத்தா இளிச்சவாயங்க மாதிரி இருக்கா?"

அவன் வாய் அசைவது நின்றுவிட்டது. "நானா? ஏய், இது அலமாரியில தூங்குற கடிகாரம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கட்டுவேன். வாங்குனதுலேர்ந்து ஒரே ஒரு தடவதான் திறந்திருக்கு. அதுவும் நீதான் எண்ணெய் போட்டுக் குடுத்த."

"அப்ப நான்தான் மாத்தி வெச்சேனா?"

மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், பாவி.

சங்கத் தலைவி உகெத் அம்மா சிரிக்கவில்லை. மோசடி என்றால் உறுப்பினர் பெயரை அடித்துவிடுவது எங்கள் விதி. லூசியான் இருபத்தெட்டு வருட உறுப்பினன். கடிகாரம் செய்தே பிழைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் கடிகாரத்தில் பொய் சொன்னவன் என்று பெயர் வாங்கினால், பிறகு காபிக் கடையில்கூட ஒருத்தரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

"லூசியானை நீக்கணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார் உகெத் அம்மா.

ஒன்று, இரண்டு, ஐந்து கைகள். லூசியான் யாரையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெமி இருந்திருந்தா இத நம்புவானா?" என்று மட்டும் கேட்டான்.

அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "இருங்க. எந்தக் களவாணி இத மாத்திக் குடுத்தான்னே கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அது எளிது. கடிகாரத்தைத் திறந்து வேலை பார்க்கும் யாரும் பின்மூடியின் உட்புறம் தன் ரகசியக் குறியையும் தேதியையும் ஊசியால் கீறாமல் மூட மாட்டார்கள். யாருடைய குறி எது என்று அவரவருக்குத்தான் தெரியும்; என்றாலும் எனக்குப் பிறகு ஒரு கீறல் இருந்தால் பட்டறை பட்டறையாகக் கேட்டுப் பிடித்துவிடலாம். கோபத்தில் நான் மூடியைக் குப்புற வைத்துவிட்டு எண்ணை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது நிமிர்த்திப் பிடித்து லென்ஸை வைத்தேன்.

ஒரே ஒரு குறி. சின்ன மீன், வாலில் இரண்டு கோடு. 3.98.

அது என் மீன்.

வேறு கீறல் இருக்கிறதா என்று மூடியைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். ஒன்றும் இல்லை. எனக்குப் பிறகு யாருமே அதைத் திறக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு மார்ச். எனக்கும் ரெமிக்கும் கல்யாணம் ஆன புதிது. ஞாயிற்றுக்கிழமை பனிச்சறுக்குக்குப் போக வேண்டும், அதற்குள் இரண்டு கடிகாரமும் வேண்டும் என்று இரண்டு தடியன்களும் என் முதுகுக்குப் பின்னால் நின்று நச்சரித்தார்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கடிகாரத்தைத்தான் திறக்க வேண்டும் என்பது பட்டறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். நான் இரண்டையும் ஒன்றாகத் திறந்து போட்டேன்.

"என்ன குறி அது?" என்றார் உகெத் அம்மா.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சத்தியமாக அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. பிறகு லூசியானின் முகத்தைப் பார்த்தேன்.

என் மணிக்கட்டில் இருந்த ரெமியின் கடிகாரத்தைக் கழற்றினேன். அவன் போன பிறகு ஒன்பது வருடமாக அதை நான் திறந்ததே இல்லை. மனம் வரவில்லை. இப்போது திறந்தேன். மூடியில் அதே மீன். அடித்தட்டில் 4462. பாலத்தை எடுத்துத் திருப்பினேன்.

4417.

"கையைக் கீழ போடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கையைக் கீழ போடுங்கன்னு சொல்றேன்ல! மாத்தி வெச்சது நான்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, நானேதான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

லூசியான் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அப்ப ரெமியோடது இவ்வளவு நாளா என் அலமாரியிலயா கெடந்துச்சு?"

"மன்னிச்சுடுடா" என்றேன். அழுதுவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும்.

"அழாத. அதது இடத்துல வை. உன் புருஷனோடது உனக்கு வரட்டும்."

இடுக்கியை எடுத்து இரண்டு பாலங்களையும் சக்கரத்தோடு மாற்றிப் பொருத்தினேன். பத்து நிமிட வேலை. இப்போது எண்கள் சரி. "ரெண்டுமே போட்டிக்குத் தேறும்" என்றார் உகெத் அம்மா. யாரோ கைகூடத் தட்டினார்கள். ரெமியின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் காதில் வைத்தேன்.

அது யாரோ ஒருவருடைய சத்தம்.

தலையணையில் ரெமியின் கை என் காதோரம் கிடந்த பதினேழு வருடமும் நான் கேட்ட சத்தம் இது இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டதும் இது இல்லை. லூசியானின் கடிகாரத்தை வெடுக்கென்று பிடுங்கிக் காதில் வைத்தேன். அங்கே இருந்தது அந்தப் பழைய சத்தம், கொஞ்சம் கரகரப்பாக, ஓடிவந்தவன் மூச்சு மாதிரி.

"என்ன?" என்றான் லூசியான். நான் இரண்டையும் அவன் காதில் மாற்றி மாற்றி வைத்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது. அவனும் அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவன்தான்.

"திருப்பி மாத்திடு" என்றான்.

"அப்படிச் செஞ்சா ரெண்டும் போட்டியில இருக்காது" என்றார் உகெத் அம்மா.

"இருக்க வேணாம், மதாம். என் பேரை அடிக்காம இருந்தாப் போதும்."

மறுபடியும் மாற்றினேன். மூடுவதற்கு முன் ஊசியை எடுத்து, இரண்டு மூடியிலும் பழைய மீனுக்குக் கீழே இன்னொரு மீனும் அன்றைய தேதியும் கீறினேன். இந்தத் தடவை தெரிந்தேதான் மாற்றினேன்.