ஒரு விரற்கடை

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், மகளுக்கு ஒரு சந்தேகம் வரும்போதெல்லாம் கூரை ஒரு விரற்கடை கீழே இறங்கியது. முதல் தடவை அவளுக்கு எட்டு வயது. கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால், தினமும் மூன்று வேளை பிரார்த்தனையில் எதற்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டாள். தலைக்கு மேல் ஏதோ நகர்ந்தது. அப்பா டேப்பால் அளந்து, சுவரில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதினார். பாட்டும், படமும், சாப்பிடும்போது சிரிப்பும் அந்த வீட்டில் முன்பே கிடையாது. அன்றிலிருந்து கேள்வியும் கிடையாது. ஆனால் வாய் திறக்காமல் நினைத்தாலும் கூரை இறங்கியது. நினைக்காமல் இருப்பதற்காக மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டின் நடுவில் இறங்கியது.

அவளுடைய பதினைந்தாவது வயதில் மின்விசிறியைக் கழற்றினார்கள். பதினெட்டில் பீரோவின் கால்களை அறுத்தார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் அம்மா, மெஷினைத் தரையில் இறக்கிக் கையால் சுற்றினாள். நகராட்சி இன்ஜினியர் வந்து, விரிசல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியேறும்போது நெற்றியை இடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்கு வந்தா எவ்ளோ திமிர் பிடிச்சவனும் குனிஞ்சுதான் ஆகணும் அண்ணே," என்றார் பால்காரர். அப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "அவர் நம்மள கைவிடல. இவ தலையில தட்டிக்கிட்டே இருக்கார்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் முதுகு வளைந்துபோயிருந்தது. அதைப் பார்க்கும்போது மகளுக்கு இன்னொரு சந்தேகம் வரும். கூரை இன்னொரு விரற்கடை இறங்கும். மொத்தம் எழுபத்தெட்டுக் கோடுகள். பாதி நினைத்து விட்டுவிட்ட சந்தேகங்களும் அதில் சேர்த்தியா என்பது சரியாகத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வயதில் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மத்தியானம் தனியாக விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. மேலே இருந்தும் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும், படுக்கப் போகிறவருக்கு உறுத்தக்கூடாது என்று ஓரங்களை நீவி மடித்தாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பதில். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்றோடு கூரை நின்றுவிட்டது, ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக. அப்பா ஒரு வாரம் அளந்தார். ஒரு மாதம் அளந்தார். பிறகு அவளை எதிரில் உட்காரவைத்தார்.

"ஏதாவது ஒண்ணு சந்தேகப்படும்மா. சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

"வர மாட்டேங்குதுப்பா."

"அவர் உன்ன விட்டுட்டாருடி," என்று அம்மா அழுதாள்.

அவர்களுக்காக அவள் உண்மையாகவே முயன்றாள். கண்ணை மூடி, பழைய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். கூரை அசையவில்லை.

இப்போது அவள் வேறு தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அவர்கள் அவளுக்காகப் பிரார்த்தனை செய்து முடிக்கும்வரை காத்திருந்து, அம்மாவின் முதுகில் தைலம் தேய்த்துவிட்டுப் புறப்படுகிறாள். வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் குனிந்தே நடக்கிறாள். அந்தத் தெருவில் அது யார் கண்ணுக்கும் புதிதில்லை.