கடைசிப் பாட்டில் சிரித்தவள்

“ஷூவைக் கட்டிக்கிட்டே கேளுங்க மாப்ள. தூங்கிடாதீங்க,” என்றார் மாமியார், கட்டிலில் படுத்தபடி. ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது.

“தூங்க மாட்டேன் அத்தை.”

“போன தடவை தூங்கினீங்க.”

“அன்னைக்கு ராத்திரி வேலை முடிச்சுட்டு நேரா வந்தேன்.”

“குறட்டை வேற. முன் வரிசையே திரும்பிப் பாத்துச்சு.”

மருமகன் அடுத்த ஷூவை எடுத்தான். லிப்ட் பழுது பார்ப்பவன் அவன். கம்பி, சக்கரம், கதவு என்றால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். நல்லாப் பேசத் தெரிந்த ஆட்கள் மேடையேறியதும் பாட்டாகவே பேசிக்கொள்வது மட்டும் அவனுக்குச் சரிப்பட்டு வராது. ஆனால் இன்றைக்கு நாடகத்துக்குப் போக வேறு ஆள் இல்லை. மனைவி தன் அம்மாவை விட்டு நகர மாட்டாள். காலையில் வந்த நர்ஸ் அவர்கள் இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு, “இன்னைக்கோ நாளைக்கோ” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாடகத்தின் பெயர் ‘விளக்குக்காரன் மகள்’. கலங்கரை விளக்கத்தைக் காப்பவரின் மகள், தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டவனோடு கப்பல் ஏறாமல் விளக்கோடு தங்கிவிடுகிறாள். இவ்வளவுதான் கதை, இதற்கு இரண்டே முக்கால் மணி நேரம், இருபத்தொரு பாட்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் நான்கு முறை புதிதாகத் தயாரித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறும். ஏணி இடம் மாறும், அப்பாவின் தொப்பி காணாமல் போகும், மூன்றாம் பாட்டில் மழை பெய்யும் அல்லது பெய்யாது. இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, வாரா வாரம் கூடிச் சண்டை போட ஐந்து பேர் இருந்தார்கள். மாமியார் அதில் ஒருவர். தபால் அலுவலகத்தில் விலாசம் பார்த்துக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் அவருக்கு அசாத்தியக் கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு ஒரே ஒரு அடி விழுந்திருந்தது. முதல் தயாரிப்பின் கடைசிப் பாட்டில், கப்பல் போன பிறகு, விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் என்பார் மாமியார். திரும்பவே இல்லை, கடைசிவரை முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள் என்பார்கள் மற்ற நால்வரும். பின்னால் வந்த தயாரிப்புகளில் அவளை முன்பக்கம் திருப்பி அழவைத்துவிட்டதால், எது சரி என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. “முதுகு சிரிச்சுப் பாத்த ஒரே ஆள் நீங்கதான்,” என்பார் அந்த நால்வரில் மூத்தவரான பல் டாக்டர்.

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. மாமியாருக்கு அப்படியில்லை. அந்த நாடகத்தை முதல் முறை பார்த்தபோது அவருக்கு முப்பது வயது. கணவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று இரண்டு அண்ணன்களும் நெருக்கினார்கள். வர மாட்டேன் என்று நாடகம் பார்த்த மறுநாளே அவர் சொல்லிவிட்டார். ‘தனியா நிக்கிறா, சிரிக்கிறா. அதைப் பாத்துட்டுத்தான் எனக்குத் துணிச்சல் வந்துச்சு’ என்று ஒருமுறை மருமகனிடம் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவே இல்லையென்றால், தன் வாழ்க்கையையே ஒரு பிரமையை நம்பி நடத்தியதாக ஆகிவிடுமே என்பதுதான் அவர் பயம்.

இப்போது முதல் தயாரிப்பை இருந்தது இருந்தபடியே திரும்பவும் மேடையேற்றுகிறார்கள். மூன்று மணிக்கு முதல் காட்சி.

“மத்ததெல்லாம் விடுங்க. திரும்புறாளா, சிரிக்கிறாளா, அதை மட்டும் பாருங்க. எனக்காகப் பொய் சொல்ல வேணாம். பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவக்கும், எனக்குத் தெரியும்.”

டிக்கெட் ஆறாவது வரிசையில், தூணை ஒட்டிய ஓரத்து நாற்காலிக்கு. பாதி மேடையைத் தூண் மறைக்கும். முதல் முறை வேறு இடம் கிடைக்காமல் அதில் உட்கார்ந்த மாமியார், அப்புறம் ராசி என்று அதையே கேட்டு வாங்கிவந்தார். மருமகன் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருபது பாட்டையும் தாண்டினான். கடைசிப் பாட்டில் மகள் மேலே ஏறினாள், பெரிய விளக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள், துணியால் துடைத்துக்கொண்டே பாடினாள். அவள் முதுகுதான் தெரிந்தது. பாட்டு முடிய இரண்டே வரிதான் பாக்கி. அவள் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது?

அப்போது அவள் கதவைச் சாத்தினாள். கீல் மெல்லத் திரும்பியது. கதவு பாதி வழியில் வந்தபோது கண்ணாடி நேராக அவனைப் பார்த்தது. அதில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று நொடி இருக்கும். பிறகு கதவு மூடிக்கொள்ள, மேடை இருண்டது. பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றும் நடக்காதது போலக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே டாக்டர் காத்திருந்தார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை.

“திரும்பல,” என்றார். “முப்பத்திரண்டு வருஷமா நான் சொன்னது சரி. ஆனா மனசுக்கு நல்லாவே இல்ல. தம்பி, திரும்பினான்னே சொல்லிடுங்க. நாங்க நாலு பேரும் ஒத்துக்கறோம்.”

“திரும்பல டாக்டர். ஆனா சிரிச்சா.”

டாக்டர் அவன் தோளைத் தட்டினார். “அப்படித்தான். இதே மாதிரி தடுமாறாம சொல்லுங்க.”

தான் பொய்யை ஒத்திகை பார்ப்பதாக அவர் நினைக்கிறார் என்று புரிந்ததும் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஆறாவது வரிசை, தூண் ஓரம். அடுத்த காட்சிக்கு அங்க உக்காந்து பாத்துட்டுப் பேசுங்க,” என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினான்.

மாமியார் விழித்தே இருந்தார்.

“திரும்பினாளா?”

“இல்ல அத்தை.”

மனைவி அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அவன் கட்டிலருகே மண்டியிட்டு, கண்ணாடிக் கதவையும் கீலையும் அது நின்ற கோணத்தையும் கையாலேயே செய்து காட்டினான். லிப்டைப் பற்றிக்கூட அவன் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

“காது சிவந்திருக்கா பாரு,” என்றார் மாமியார் மகளிடம்.

அவள் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். “இல்லம்மா. சாதாரணமாத்தான் இருக்கு.”

மாமியார் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். “வேற யாருக்கும் தெரியாதா?”

“அந்த நாற்காலிலேருந்து மட்டும்தான் தெரியும்.”

“அப்ப எனக்குன்னே சிரிச்சிருக்கா.”

சிரிக்கத் தொடங்கி, இருமி, மறுபடியும் சிரித்தார். “திரும்பலன்னு அவங்க சொன்னதும் சரிதானே? அதை மட்டும் டாக்டர்கிட்ட ஒத்துக்காதீங்க. அப்புறம் அந்த ஆளைப் பிடிக்க முடியாது.”

கதவு மூடுவதை இன்னும் இரண்டு முறை செய்துகாட்டச் சொன்னார். ஏழு மணிக்கு, மகளின் கை தன் நெற்றியில் இருக்க, அவர் மூச்சு நின்றது. மருமகன் அழுதான். அழுகையோடு ஒரு பெருமிதமும் சேர்ந்தே வந்தது. அதை அடக்க அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை முன்னறையில் மாமியாரைக் கிடத்திய பெட்டியை வைத்திருந்தார்கள். வயதான இரண்டு அண்ணன்களும் சுவரோரம் நாற்காலிகளில் இருந்தார்கள். “நாங்க கூப்பிட்டப்பவே வந்திருக்கலாம். தனியாக் கிடந்து கஷ்டப்பட்டா, பாவம்,” என்று மூத்தவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியருகே போய் நின்றார்.

“நேத்து ரெண்டாவது காட்சியும் பாத்தேன். சிரிச்சாம்மா,” என்றார். “நாப்பது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ள கண்ணாடியை விட்டுப் பாக்கறவன். எனக்கே தோணாமப் போச்சு. நீங்க பாத்ததுதான் சரி.”

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள்.

“டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா. எங்க மாமா ரெண்டு பேருக்கும் காது கொஞ்சம் மந்தம்.”

டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “தனியாத்தான் நின்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னா. உங்க தங்கச்சி பாத்தது சரி.”

அண்ணன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மூத்தவர் அதற்கப்புறம் பாவம் என்று சொல்லவில்லை.

மற்ற மூன்று ரசிகர்களும் அதற்குள் டாக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். “கதவை எந்தக் கையால சாத்தினா?” என்று கேட்டார் தையல்காரம்மா, தணிந்த குரலில்.

“வலது,” என்றார் டாக்டர்.

“இடது,” என்றான் மருமகன். யாரும் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து நின்றிருந்தான். “நீங்க கண்ணாடில தெரிஞ்ச கையைச் சொல்றீங்க. வலது கைல துணி இருந்துச்சு. இப்படி…” என்று இடது கையைத் தூக்கி, காற்றில் இல்லாத ஒரு கதவை மெல்லச் சாத்தத் தொடங்கினான். நால்வரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள் மனைவி. “வண்டி வந்துடுச்சு. தூக்கணும்.”

அவன் கதவை முழுசாகச் சாத்திவிட்டு, பெட்டியின் பிடியைப் பிடித்தான்.