வாசலில் தொலைந்த ஐந்தாவது வரி

மருத்துவமனையின் முதல் மாடியில் வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையில்தான் அவனுக்கு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். நல்லவேளையாக ஒரு ஜன்னல் இருந்தது. கீழே கூடமும் கண்ணாடி வாசலும் தெரியும். கட்டடத்துக்குள் வைஃபையில் ஓடுகிற அழைப்பு, வாசலைத் தாண்டியதும் வெளியே இருக்கும் டவருக்கு மாற வேண்டும். மாறியதே பேசுகிறவருக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான் ஒரு வாரமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

சில போன்கள் வைஃபை செத்துக்கொண்டிருந்தாலும் விடாது. டவர் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டாலும் ஏறெடுத்தும் பார்க்காது. அப்படிப்பட்ட போனுக்கு இவர்கள் வைத்த பெயர் அட்டை, ஒட்டினால் விடாத அட்டைப்பூச்சி. வைஃபை எவ்வளவு பலவீனமானால் விடலாம் என்கிற அளவை அவன் மாற்றுவான். சோதனைக்கு அவனோடு வந்திருந்தவள் போனில் அவனோடு பேசிக்கொண்டே மறுபடி வெளியே நடப்பாள். பேச்சு நிற்கக்கூடாது என்பதால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவாள்.

காலையில் டீ குடிக்கும்போது அவள் சொல்லியிருந்தாள்: "வேற ஊர்ல வேலை குடுத்திருக்காங்க சார். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இங்க என்னைப் போகாதேன்னு சொல்ல யாரு இருக்கா?" அவன் காலி டம்ளரை இன்னொரு தடவை குடித்தான். மனைவி இறந்து ஐந்து வருடமாகிறது. இறந்தவளின் எண் இன்னும் அவன் போனில் 'வீடு' என்றுதான் இருக்கிறது. அட்டை என்று பிறருக்குப் பெயர் வைக்க அவனுக்கு என்ன யோக்கியதை?

"மூணு பதினாறு நாப்பத்தெட்டு" என்றது காதில் அவள் குரல். அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தைரியம் வரவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"நாலு பதினாறு அறுபத்திநாலு."

"போகாதீங்க. எனக்காகத்தான் கேக்கறேன்" என்றான் ஒரே மூச்சில்.

சத்தமே இல்லை. பிறகு வண்டிகளின் இரைச்சலோடு, "ஆறு பதினாறு தொண்ணூத்தாறு. சார், வாசல்ல திரும்பவும் சத்தம் போயிடுச்சு. நடுவுல ஏதாவது சொன்னீங்களா?"

ஒரு வாரமாக அந்த வாசலோடு மல்லுக்கட்டுகிறவன், தானே போய் அதில் விழுந்திருந்தான். "ஒண்ணுமில்ல" என்றான். சொன்ன வாயை அறையலாம் போலிருந்தது. போன் வைஃபையைக் கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிடும்படி அளவை மாற்றினான். "இன்னொரு தடவை நடக்கறீங்களா?"

"கால் வலிக்குது. இதான் கடைசி."

இந்த முறை அவன் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அவள் கூடத்தைக் கடந்து வந்தாள். நாலு பதினாறு வரை சொல்லிவிட்டு, வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"தாண்டினா காணாமப் போயிடுதே. அதான் இங்கேயே நிக்கறேன். அந்த ஒண்ணுமில்லையை இப்ப சொல்லுங்க சார்."

தானியங்கிக் கதவு அவளை நோக்கி மூட வந்தது, அவள் நிற்பதைக் கண்டு விலகியது, மறுபடி மூட வந்தது. அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.