கதையில வர்ற பொம்பளைக்காக ஒரு ஜெபம்

எங்க சர்ச்சுல எழுதுறவங்க கூட்டம்னு ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும், சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற அறையில, அவங்க குட்டி நாற்காலியிலேயே முழங்கால் தாடையில இடிக்க உட்காருவோம். நாலே பேர்தான். பாஸ்டரம்மா, பஸ் ஓட்டுற டிரைவர் அண்ணன், என் வீட்டுக்காரரோட அக்கா, நான். அந்த அக்காவை நான் அண்ணின்னு கூப்பிடுவேன். கூப்பிடுவேனே தவிர, உள்ளுக்குள்ள எப்பவும் ஒரு கிலி. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ், வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான்.

கூட்டத்துக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. எழுதினவங்க வாசிக்கக் கூடாது, வேற ஒருத்தர்தான் வாசிக்கணும். வாசிச்சதும் குறை சொல்லக் கூடாது, முதல்ல ஜெபம். எங்களால சும்மா இருக்க முடியுமா? குறையை ஜெபத்துக்குள்ளயே சொருகிடுவோம். "ஆண்டவரே, இந்தச் சகோதரி பக்கத்துக்குப் பக்கம் சூரியனை உதிக்க வைக்கிறாங்க, அவங்களுக்கு நிதானத்தைத் தாரும்"னு டிரைவர் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு என் மானத்தை வாங்கியிருக்கார். கோபம் பொத்துக்கிட்டு வரும். ஜெபத்தை எதிர்த்துப் பேச முடியுமா என்ன? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆமென் சொல்லணும்.

சூரியன் வேணாம்னா வேற என்னத்தை எழுதுறது? "உன் மனசுல நிஜமா என்ன ஓடுதோ அதை எழுதேன்"னாங்க பாஸ்டரம்மா.

என் மனசுல அப்போ ஓடினது ஒண்ணே ஒண்ணு. குளிக்கும்போது இடது மார்புல கைக்குத் தட்டுப்பட்ட கட்டி.

நான் வேலை பார்க்கிறது மருந்துக் கடையில. சீட்டை நீட்டினாலே யாருக்கு என்ன வியாதின்னு புரிஞ்சிடும். முடியெல்லாம் கொட்டிப் போய், தலையில துணி சுத்திக்கிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்திருக்கேன். "தள்ளிப் போடாதீங்கம்மா, உடனே போய்க் காட்டுங்க"ன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியிருக்கேன். எனக்குன்னு வந்ததும் வாயைப் பொத்திக்கிட்டேன். காட்டினாத்தானே அதுக்கு ஒரு பேர் வைப்பாங்க? வீட்டுக்காரர்கிட்டயும் மூச்சு விடல. அவர் கை பட்டுடுமோன்னு திரும்பிப் படுத்துக்குவேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தா, பிள்ளைங்களை ஆசீர்வதியும்னு சொல்ற வரைக்கும் வரும். அதுக்கு மேல போகாது. கடவுளுக்குத் தெரியாததா? தெரியும். இருந்தாலும் என் வாயால சொல்ல அவ்வளவு பயம்.

அதனால கதையா எழுதினேன். ஒரு தையல்காரி, அவளுக்கு ஒரு கட்டி. பயப்படுறா, ஜெபம் பண்றா, ஆஸ்பத்திரிக்குப் போறா. ஒண்ணுமில்லம்மான்னு டாக்டர் சொல்லிடுறார். பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்கு வர்றா. அந்தக் கடைசி வரியை எழுதினப்போ எனக்கே கொஞ்சம் தெம்பா இருந்துச்சு.

அந்த வாரம் வாசிக்கிற முறை யாரோடதுன்னு நினைக்கிறீங்க? அண்ணியோடது. தாளைப் பிடுங்கிக்கிட்டு ஓடிடலாமான்னு இருந்துச்சு. அண்ணி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பிள்ளைங்களுக்குப் பாடம் வாசிக்கிற குரல்ல ஆரம்பிச்சாங்க. "அவள் சோப்பை வைத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். இப்போது இருக்காது என்று நினைத்துத்தான் தொட்டாள்." அங்க அவங்க குரல் தடுக்குச்சு. நிமிர்ந்து என்னைப் பார்ப்பாங்களோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பார்க்கல. கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சாங்க.

பாஸ்டரம்மா கண்ணை மூடினாங்க. "ஆண்டவரே, இந்தத் தையல்காரியை உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறோம்."

கதையில வர்ற பொம்பளைக்காக யாராச்சும் ஜெபம் பண்ணுவாங்களா? எங்க ஆளுங்க பண்ணுவாங்க! டிரைவர் அண்ணன் பாவம், அவ கதையில வர்றவங்கிறதையே சுத்தமா மறந்து போய், "அவ பிள்ளைங்களையும் நினைச்சருளும், தகப்பனே"ன்னு மூக்கை உறிஞ்சினார். வேற நாளா இருந்தா சிரிப்பை அடக்கியிருக்கவே மாட்டேன். அன்னிக்குச் சிரிப்பு வரல. அந்தக் கட்டிக்காக ஒருத்தர் வாய்விட்டு ஜெபம் பண்றதை முதல் தடவையா கேட்கிறேன். அதுவும் யாருக்குன்னு தெரியாமலே பண்றாங்க.

ஜெபம் முடிஞ்சதும் டிரைவர் அண்ணன் பிடிச்சுக்கிட்டார். "இதுவரைக்கும் நீ எழுதினதுலயே இதுதாம்மா உசத்தி. உலுக்கிடுச்சு. ஆனா ஆஸ்பத்திரி மட்டும் ரெண்டே வரியில முடியுது. ஒரு ஸ்டாப்புலயும் நிக்காம டிப்போவுக்குப் போன மாதிரி இருக்கு. யார் கூடப் போனா? அந்த ரூம்ல என்ன இருந்துச்சு? டாக்டர் கை வைக்கும்போது அவ எங்க பார்த்துக்கிட்டு இருந்தா?"

"தெரியலண்ணே."

"தெரியலையா? நீதானே எழுதின?"

"தெரியலன்னா விடுங்களேன்."

"அட, யோசிச்சுச் சொல்லும்மா. கதவைத் திறந்து உள்ள போறா. அப்புறம்?"

விட மாட்டேங்கிறார் மனுஷன். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "நான் இன்னும் போகவே இல்லையேண்ணே, நான் எப்படி எழுதுவேன்!"

கத்தின பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சது. டிரைவர் அண்ணன் முகம் செத்துப் போச்சு. பாஸ்டரம்மா என் முழங்கால் மேல கையை வெச்சாங்க. எடுக்கவே இல்ல.

அண்ணி எழுந்தாங்க. முடிஞ்சுது கதைன்னு நினைச்சேன். இப்பவே தம்பிக்குப் போன் போகும், சாயங்காலத்துக்குள்ள குடும்பமே கூடிடும்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் லீவு போடுறேன், நீயும் போடு"ன்னாங்க.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லு."

"எனக்குச் சொல்ல வரலையே."

"எழுத மட்டும் வந்துச்சா? இத்தனை பக்கம் அவ பயத்தை எழுதத் தெரிஞ்சவளுக்கு, புருஷன்கிட்ட நாலு வார்த்தை சொல்லத் தெரியாதா?" அதட்டினாங்க. ஆனா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் அந்த ரூமுக்குள்ள போனேன். சுவர்ல ஈரத்துல உப்பின ஒரு இடம் இருந்துச்சு. டாக்டரம்மா கை வெச்ச நேரம் முழுக்க அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணுமில்லம்மான்னு சொல்லுவாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். அவங்க சொல்லல. "ஊசியால கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும். இன்னிக்கே எடுத்திடலாம். வெளியில இருங்க, கூப்பிடுறோம்."

வெளியில வந்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தாங்க. கைப்பையோட வாரைப் பிடிச்சிருந்த அவங்க விரல் கிடுகிடுன்னு ஆடுச்சு.

"என்ன அண்ணி, கை இப்படி நடுங்குது?"

"பின்ன, நான் என்ன கல்லா?"

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அது வெடிக்கிறதுக்குள்ள போனை எடுத்தேன். வீட்டுக்காரருக்கு மரப்பட்டறையில வேலை. எடுத்ததும் ரம்பம் அறுக்கிற சத்தம். "என்னங்க, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். மார்புல கட்டி இருக்கு. என்னன்னு இன்னும் தெரியல. எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

ரம்பம் நின்னுடுச்சு. "கூட யாரு?"

"உங்க அக்கா."

"அங்கேயே இரு. இதோ வர்றேன்."

சட்டையெல்லாம் மரத்தூளோட வந்தார். ஏன் சொல்லலன்னு ஒரு வார்த்தை கேட்கல. பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "யாராச்சும் ஜெபம் பண்ணுங்க"ன்னேன். அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. கடைசியில நானே வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, எனக்கு மார்புல கட்டி. பயமா இருக்கு. எனக்குச் சாக மனசில்ல."

அவ்வளவுதான் வந்துச்சு. அழகா ஒரு வார்த்தை இல்ல. பயமும் கொஞ்சங்கூடக் குறையல. அண்ணி மெதுவா ஆமென் சொன்னாங்க.

உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டாங்க. மூணு பேருமே எழுந்துட்டோம்.