கதவில் மாட்டிய வளையம்

"இன்னும் ஓரம் தெரியுது," என்றாள் தெல்மா. "இடப்பக்கம் தள்ளு."

கோரா வளையத்தை இடப்பக்கம் தள்ளினாள். விரலெல்லாம் பிசின் ஒட்டியது. காட்டுக்குள் அலைந்து வெட்டி வந்த ஃபர் மரக் கொப்புகளைக் கம்பியில் சுற்றி, பைன் காய்களையும் சிவப்புக் காட்டுக்காய்களையும் சொருகி, அம்மாவும் மகளுமாகக் கட்டிய வளையம். வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. இவ்வளவு பெரிதாக எதற்கு என்று கேட்டவர்களிடம், பழைய கதவுக்குச் சின்ன வளையம் எடுபடாது என்று தெல்மா சொல்லிவைத்திருந்தாள். உண்மைக் காரணம் வளையத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் ஆக்ஸிஜன் ஓடுகிறது, நெருப்பு ஆகாது என்று சிவப்பில் அச்சடித்த அட்டை. மெஷினைக் கொண்டுவந்து வைத்தவன் கேட்காமல் கொள்ளாமல் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். பிய்த்தால் கதவின் பழைய பச்சை வண்ணமும் கூடவே உரிந்து வரும். இந்த வண்ணத்தைத்தான் அவள் கட்டிக்கொண்டாள், நான் கூட வந்தவன் என்று தெல்மாவின் கணவர் ஆல்டன், தாராளமாகப் பேச முடிந்த காலத்தில், வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

எங்கள் வெர்மான்ட் மலையூர்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை வீடு பார்க்கிற நாள். சர்ச் சபை நாலைந்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கும். பாஸ்டன் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து கூட்டம் கூட்டமாக உள்ளே நடந்து பார்ப்பார்கள். காசு சபையின் கூரைக்கு, பெயர் வீட்டுக்காரிக்கு. இந்த வருஷம் கமிட்டி போட்ட விதி, கரண்ட் வருவதற்கு முந்தைய கிறிஸ்துமஸ். கடையில் வாங்கியது ஒன்றும் கூடாது. பரணில் கிடந்ததும் காட்டில் கிடைத்ததும் மட்டுமே. பிளக்கில் சொருகுகிற எதுவும் கண்ணில் படக்கூடாது.

தெல்மா பல வருஷம் பெயர் கொடுத்துப் பல வருஷம் தட்டிப்போயிருந்தது. கடைசியில் கிடைத்தபோது ஆல்டனுக்கு நுரையீரல் தீர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் கிரானைட் குவாரியில் கல் அறுத்த மனுஷன். இப்போது மெஷின் கொடுக்கிற காற்றில்தான் காலம் ஓடியது. பெயரைத் திரும்ப வாங்கிவிடலாமே என்று கமிட்டிக்காரிகள் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸ் சொல்ல ஆரம்பித்தது இலையுதிர்வதற்கு முன்னால், அதற்காக நான் எதையெதையெல்லாம் விட்டுக்கொண்டே போவது என்று தெல்மா கேட்டாள். அவர்கள் பட்டியலில் அவள் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்று காலையில் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ள வேண்டியிருந்தது. நர்ஸ் அதை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தாள், வெளியே தீனிக்கு வருகிற பறவைகளை அவர் பார்த்துக்கொண்டு படுத்திருக்கட்டும் என்று. பின்னறை என்பது பூட்ஸும் விறகும் செத்துப்போன நாயின் சங்கிலியும் கிடக்கிற இடம். கோரா தலைமாட்டைப் பிடித்துத் தள்ளினாள், தெல்மா மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். நிலைப்படியில் சக்கரம் இடித்ததும் ஆல்டன் கண்ணைத் திறந்தார்.

"நானும் பழைய சாமான்தானே," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "முன்னறையிலயே கெடந்துட்டுப் போறேனே."

"உங்களுக்கு பிளக் இருக்கு," என்றாள் தெல்மா.

முதலில் சிரித்தது அவர்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கோராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் சிரிக்கும்படி சொல்லிவிட்டால் போதும், நடந்துவிடும்.

அவர் மேல் கிடந்த சிவப்புக் கட்டம்போட்ட கம்பளியைத் தெல்மா உருவினாள். அது முன்னறை நாற்காலிக்கென்றே நெய்தது போல இருக்கிறதாம். பதிலுக்கு ஒரு மெல்லிய நைலான் போர்வை வந்தது. ஆல்டன் கம்பளியின் குஞ்சத்தை விரலால் பற்றியிருந்தார். தெல்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், முரட்டுத்தனமாக அல்ல, நூல் சிக்கலை எடுப்பது போல.

அவள் போன பிறகு அவர் மகளைக் கூப்பிட்டார். "கதவ சாத்தாத கோரா. மரத்துல வெளக்கு ஏத்தறப்போ நானும் பாக்கறேன்."

"சாத்த மாட்டேன்ப்பா," என்றாள் கோரா. அவர் அந்த மாதத்தில் கேட்ட ஒரே விஷயம் அதுதான். அதையாவது செய்துவிட வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

முன்னறையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. ஆல்டன் சிறுவனாகப் பனியில் சறுக்கிய மர வண்டி கதவருகே நின்றது, அதன் மேல் பைன் காய் நிறைந்த பித்தளை வாளி. அவர் கல்யாணத்துக்கு முன் காட்டில் போட்டு நடந்த வலைபின்னிய பனிச்செருப்புகள் மூட்டாத கணப்படுப்புக்கு மேலே சாய்த்து மாட்டப்பட்டு, இடுக்கெல்லாம் காட்டுக்காய்க் கொத்துகள். அவருடைய பனிக்கால ஸ்கேட் பூட்ஸில் ஊசியிலைக் கொப்புகள். நீலக் கண்ணாடி ஜாடிகளில் வெடித்த எருக்கங்காய்கள். மரத்தில் ரசம் போன கண்ணாடிக் குண்டுகள், காய்ந்த ஆரஞ்சு வில்லைகள், ஒரு நிஜக் குருவிக்கூடு. ஒவ்வொரு கிளை நுனியிலும் தகரப் பிடிப்பு, பிடிப்பில் தேன்மெழுகு வத்தி. அவரை அப்புறப்படுத்திவிட்டு அவரைக் கொண்டே ஜோடித்த அறை.

சாயங்காலம் பஸ் வருவதற்கு முன்னால் ரோலண்ட் வருவார் என்பது தெரிந்ததே. ஊரில் தீயணைப்புப் பொறுப்பு அவரிடம். வத்தி ஏற்றுகிற வீடுகளைப் பார்த்து அவர் சரியென்றால்தான் ஏற்றலாம். பின்னறையில் மெஷின் புர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தெல்மா உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தாள்.

"ரோலண்ட் வந்துட்டுப் போற வரைக்கும்தான். கொஞ்ச நேரம் சமாளிச்சுக்குவீங்கல்ல?"

ஆல்டன் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் தலையாட்டித்தான் பழக்கம். தெல்மா மகளைப் பார்த்தாள். கோரா குனிந்து சுவிட்சை அமுக்கினாள். மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் வீடு இன்னும் குளிர்ந்தது போலிருந்தது.

ரோலண்ட் ஆல்டனிடம் வேட்டை பழகியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்; அண்ணன் படுக்கையில் விழுந்ததிலிருந்து பார்க்க மனசு வராமல் இந்தப் பக்கம் வந்ததில்லை. பூட்ஸைத் துடைத்துவிட்டு வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார், கிளைகளைக் கிள்ளிப் பசையிருக்கிறதா என்று பார்த்தார், தண்ணீர் வாளி எங்கே என்று கேட்டார். அண்ணன் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றாள் தெல்மா. அவர் தலையசைத்துவிட்டுக் கோராவிடம் திரும்பினார். தெல்மாவை விட்டுவிட்டு அவளிடம் கேட்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். கோராவுக்குப் பொய் வராது.

"வீட்ல ஆக்ஸிஜன் கீக்ஸிஜன் வச்சிருக்கீங்களா? இருந்தா ஒரு வத்தி கூட ஏத்த விடமாட்டேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

இருக்கிறது என்று ஒரு சொல் போதும். அம்மா அடுப்பருகே நின்று ஏற்கெனவே நேராக இருந்த கம்பளியை நேராக்கிக்கொண்டிருந்தாள். அவள் பல வருஷம் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்காக.

"இல்ல," என்றாள் கோரா.

ரோலண்ட் நம்பினார். நம்பியதோடு நில்லாமல், தெல்மாவின் கை எட்டாத உச்சி வத்திகளைத் தானே நாற்காலி போட்டு ஏற்றிக் கொடுத்தார். மரம் முழுக்க எரிந்தபோது, அழகாக இல்லை என்று சொல்ல ஒரு கல்நெஞ்சக்காரனாலும் முடியாது. அவர் அடுத்த வீட்டுக்குப் போகவும் முதல் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கோரா பின்னறைக்கு ஓடினாள். சுவிட்சில் கை வைப்பதற்குள் தெல்மா வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அங்க மரம் பூரா நெருப்பு எரியுது. இப்பப் போய் மெஷினப் போடறியா? நர்ஸ் என்ன சொன்னா, மறந்துடுச்சா? உங்கப்பாவோட சேத்து பஸ்ல வந்தவங்களையும் கொளுத்தப் போறியா?"

எல்லாம் உண்மை. அதுதான் கொடுமை. ஒரே வீட்டில் நெருப்பும் காற்று மெஷினும் ஆகாது என்று நர்ஸ் சொன்னது கோராவிடம்தான். கோராவுக்கு அம்மாவை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. விடவில்லை. வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது, யாரோ வளையத்தைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். அவள் போய் ஆப்பிள் சாறு ஊற்ற நின்றாள்.

கூட்டம் வந்தபடி இருந்தது. ஜனங்கள் மூக்கை நீட்டிக் கொப்புகளை மோந்தார்கள், ஸ்கேட் பூட்ஸின் தோலைத் தடவினார்கள். கம்பளி போட்ட நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். பனிச்செருப்பு எங்கே கிடைத்தது என்று இன்னொருத்தி கேட்டதற்கு, தொழுவத்துப் பரணில் என்றாள் தெல்மா. அதைப் போட்டு நடந்தவர் கதவுக்கு அந்தப் பக்கம் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

கோரா அந்தக் கதவை ஒரு சாண் திறந்துவைத்தாள். தெல்மா அந்தப் பக்கம் போகையில் குதிகாலால் சாத்தினாள். கோரா திறந்தாள். மறுபடி சாத்தியிருந்தது. மூத்திர வாடை முன்னறைக்கு வருகிறது, ஃபர் வாசனை கெட்டுப்போகிறது என்று மகளின் காதோடு தெல்மா சொன்னாள், முகத்தில் சிரிப்பு மாறாமல்.

ஒரு பஸ் போய் அடுத்தது வருகிற இடைவெளியில் கோரா உள்ளே நுழைந்தாள். ஆல்டனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் கதவின் மேலேயே இருந்தது. நெஞ்சின் மேல் விரல்கள் எதையோ தேடின. அங்கே குஞ்சம் இல்லை, நைலான் ஓரம்தான் இருந்தது.

"ஏத்தியாச்சா?" என்றார். சத்தமே இல்லை, வாய் மட்டும்.

"ஏத்தியாச்சுப்பா."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

காற்று வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கதவை அகலத் திறந்து பிடித்தாள். அதற்குள் அடுத்த கூட்டம் முன்னறையில் நிறைந்துவிட்டது. கட்டிலிலிருந்து பார்த்தால் கோட்டுகளின் முதுகுதான் தெரிந்தது. இரண்டு முதுகுக்கு நடுவே ஒரே ஒரு சுடர். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை, ஏனென்றால் தெல்மா வந்து, குளிர் காற்று வருகிறது என்று வந்தவர்களுக்குச் சொல்லி, கதவை இழுத்துச் சாத்தினாள்.

அப்போதுதான் கோராவுக்குத் துணிவு வந்தது. வர வேண்டிய நேரம் எப்போதோ போயிருந்தது. மரத்தடியில் வத்தி அணைக்கிற பித்தளைக் குமிழ் இருந்தது, நீளக் கைப்பிடி போட்டது. அவள் அதை எடுத்துக் கீழ்க்கிளையிலிருந்து ஒவ்வொரு சுடராக மூடினாள். யாரும் தடுக்கவில்லை. இதுவும் அந்தக் காலத்து வழக்கம் போலிருக்கிறது என்று ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தெல்மாவால் அவ்வளவு பேர் முன்னால் என்ன செய்ய முடியும்? உச்சி வத்திகளுக்கு நாற்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. கடைசிச் சுடரும் போய் அறை இருண்டபோது கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவே அவள் பின்னறைக்கு ஓடிச் சுவிட்சைப் போட்டாள். மெஷின் புர்ரென்றது. குழாயை மூக்கில் சரிப்படுத்தினாள். காற்று வந்தது. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. கண் இன்னும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தெல்மா பின்னாலேயே வந்தாள். பார்த்ததும் நின்றாள். கணவரின் நெற்றியில் கை வைத்தாள், கன்னத்தில் வைத்தாள், தாடையை மெல்லத் தூக்கி வாயை மூடிவிட்டாள். முகம் ஒரு நிமிஷம் நொறுங்கியது, அதைக் கோரா பார்த்தாள். அப்புறம் தெல்மா ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு பஸ் பாக்கி இருக்கு," என்றாள். "மெஷின நிறுத்து. இப்பத் தாராளமா ஏத்தலாம்."

கோரா சுவிட்சை அமுக்கினாள். போய் மரத்து வத்திகளைத் திரும்ப ஏற்றினாள். உச்சி வரைக்கும் ஏற்றினாள். கடைசி பஸ்ஸில் வந்தவர்கள், இந்த வருஷம் இந்த வீடுதான் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊரில் நெருப்பு அணைக்கப் போகிறவர்களும் பிணம் தூக்க வருகிறவர்களும் அதே நாலு பேர்தான். ரோலண்ட் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள் தெல்மா. அவர் தொப்பியைக் கழற்றினார். பின்னறைச் சந்தில் தள்ளுகட்டில் திரும்பவில்லை, முன்வாசல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கோரா நாற்காலியிலிருந்து கட்டம்போட்ட கம்பளியை எடுத்து அவரைப் போர்த்தினாள். தெல்மா வாயைத் திறந்தாள், ரோலண்ட் பக்கம் பார்த்து மூடிக்கொண்டாள்.

கதவு முழுக்கத் திறக்க வளையம் இடைஞ்சலாக இருந்தது. பின்னால் நடந்து வந்த ரோலண்ட் ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வளையத்தைக் கழற்றிக் கோராவிடம் நீட்டினார்.

நீட்டியபடியே நின்றுவிட்டார். வாசல் விளக்கு வெளிச்சத்தில் கதவு அட்டையின் சிவப்பு எழுத்துகளை அவர் வாசித்தார். திரும்பி முன்னறையின் மரத்தைப் பார்த்தார், தான் நின்று ஏற்றிய நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் கோராவைப் பார்த்தார். வளையத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்தார்.

கட்டில் படியிறங்கி, வண்டிக்குள் ஏறி, வண்டி மலைச்சாலையில் திரும்பும்வரை கோரா வளையத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உள்ள குளுரு வருது," என்றாள் தெல்மா பின்னாலிருந்து. "நாளைக்குச் சபைக்காரங்க துக்கம் கேக்க வருவாங்க. அத மாட்டிட்டு வா."

கோரா கதவைச் சாத்தி வளையத்தை அதே ஆணியில் மாட்டினாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. கிட்டே வந்து, இடப்பக்கம் தள்ளினாள்.