மக்கீன் நானா வீட்டு முன் ஹோல்

அமெரிக்காவிலிருந்து டெலிபோனில் பேசிய அருள்மணி ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கண்டியிலேருந்து மிஸிஸ் வீரக்கோன்னு ஒரு அம்மா வருவாங்க. இருக்கிறத இருக்கிற மாதிரியே காட்டுங்க. பெருமைக்கு ஒண்ணும் செஞ்சிறாதீங்கம்மா."

"சரி மகள், சரி மகள்" என்றாள் மார்ஜரி. மனதார நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் கட்டின புருஷன் ஹெர்பர்ட்டை அவளுக்குத் தெரியாதா?

மாத்தளை டவுனில் ஹெர்பர்ட்டின் அச்சகம் எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்துபோனது. அதோடு மாடியிலிருந்த வீடும் எரிந்தது. கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று ஊரில் பாதிப் பேருடைய நல்லது கெட்டதை அச்சடித்த மனிதர், உடுத்திய சாரத்தோடு வெளியே வந்தார். அன்றிலிருந்து புருஷனும் பெண்சாதியும் யட்டவத்தையில் அரிசி வியாபாரி மக்கீன் ஹாஜியாரின் வீட்டுக்குப் பின்னால், நெல் மூட்டை அடுக்கியிருந்த ஓர் அறையில் இருந்தார்கள். மக்கீன் வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. மார்ஜரி சட்டை தைத்துக் கொடுத்தாள். ஹெர்பர்ட் ஒன்றும் செய்யவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இது நடந்தபோது அருள்மணி அமெரிக்காவுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. படிப்புக்கு உதவித்தொகை உண்டு. சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் அப்பா பொறுப்பு. அச்சகத்தோடு அதுவும் போனது. ஒரு வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றால், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள்ளே கொஞ்ச நேரம் புத்தகம் அடுக்கலாம், கோப்பை கழுவலாம். அந்தக் காசு அரை வயிற்றுக்குக் காணாது. வெளியே ஒரு கடையில் நின்று சம்பளம் வாங்கினாலோ விசா போய்விடும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஊரில் பெற்றவர்கள் எதிர்பாராமல் நொடிந்துபோனார்கள் என்று காட்டினால் அந்த அனுமதி கிடைக்கும். நொடிந்துபோனவனையே அத்தாட்சி கொண்டுவா என்று கேட்கிற சட்டம் அது! போட்ட புண்ணியவான் வீடெரிந்த ஆள் யாரையும் பார்த்திருக்க மாட்டான். அந்த அத்தாட்சிக்காக மட்டும் ஹெர்பர்ட் எழுந்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் பிறகு வரச் சொன்னார்கள்.

கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்கள். தங்களிடம் முன்பு படித்த மிஸிஸ் வீரக்கோன் நேரில் வந்து பார்ப்பார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அனுமதி வாங்கித் தருகிறோம் என்றார்கள். கிடைத்தால் அருள்மணி படிப்பை முடிப்பாள். கிடைக்காவிட்டால் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மக்கீன் இதைக் கேட்டதும், "ஹெர்பர்ட் தம்பி, அந்த அம்மாவ மூட்டைக்கு நடுவுல ஒக்கார வைக்கவா போறீங்க? எங்கட முன் ஹோல்ல ஒக்கார வைங்க. நாங்க அன்னைக்கு நாலந்தாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போறோம். ஊடு உங்கட ஊடுதான்" என்றார்.

மார்ஜரிக்குத் திக்கென்றது. "வேணாம் நானா. இருக்கிறதத்தான் காட்டணுமாம்" என்றாள்.

ஹெர்பர்ட் பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "நீ சும்மா இரு மார்ஜரி. பிச்சைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எவன் பரிஞ்சு பேசுவான்? வர்றவங்க நம்மள நாலு பேர் மாதிரிப் பாக்கணும். அப்பத்தான் மக மேல ஒரு மதிப்பு வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரில் எல்லாம் அப்படித்தான் நடந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் உட்காரப் பக்கத்து வீட்டுக் கதிரை வரும், எதிர்வீட்டுக் கோப்பை வரும். சர்ச் பாதர் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்தாலும் அப்படித்தான். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. வருகிறவருக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைப்பார்கள். இல்லாதவன் என்று தெரிந்தால் கிடைக்கிறதும் கிடைக்காமல் போகும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். இல்லை என்று காட்டினால்தான் கிடைக்கும் என்ற சட்டம் அவர்கள் தலைமுறைக்குப் புதிது.

மக்கீனின் மனைவி கைறுன்னிஸா ராத்தா கலியாணத்துக்குப் புறப்படுமுன் அலுமாரியிலிருந்து தங்கப் பூப்போட்ட கோப்பைகளை எடுத்து வைத்தார். சுவரில் தொங்கிய மக்காவின் கஃபா படத்தை அவரே கழற்றி உள்ளே கொண்டுபோனார். "உங்கட படத்த மாட்டுங்க தங்கச்சி" என்றார். மார்ஜரிக்கு மனம் வரவில்லை. ஆணியை வெறும் ஆணியாகவே விட்டுவிட்டாள்.

மிஸிஸ் வீரக்கோன் நல்ல மனுஷி. வயது ஐம்பதுக்கு மேல், வெள்ளைச் சேலை, மெதுவான பேச்சு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ மரண வீட்டுக்கு வந்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தார். நிமிர்ந்து பார்த்தபோது மெத்தை வைத்த பளபளவென்ற செட்டி, கண்ணாடி அலுமாரி, கோழிக்கறி வாசனை. அவர் முகத்தில் இருந்த பாரம் மெல்ல இறங்கியதை மார்ஜரி பார்த்தாள். அப்போதே அவளுக்குக் காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது.

ஹெர்பர்ட் சவரம் செய்து, டை கட்டி, இங்கிலீஷில் பேசினார். அந்த இங்கிலீஷ் மார்ஜரிக்கு முக்கால்வாசி விளங்கியது.

"அச்சகம் எப்படி எரிந்தது?" என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எரித்தவர்களில் இரண்டு பேரை ஹெர்பர்ட்டுக்குப் பேரோடு தெரியும். ஆனால் வீடு தேடி வந்த ஒரு சிங்கள அம்மாவின் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? பயம் பாதி, பண்பு பாதி.

"அந்த நேரம் அப்படி, மேடம். எங்கேயோ தீப்பிடித்தது, பரவிவிட்டது. யாரைக் குறை சொல்ல?"

"இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

"ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். புது மெஷினுக்கு இந்தியாவில் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் திறந்துவிடுவேன்."

மெஷினாவது மண்ணாவது! மார்ஜரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தாள். ஹெர்பர்ட் அவளைப் பார்த்தார். அதட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் அவள் பேசியிருப்பாள். அது கெஞ்சுகிற பார்வை.

"இன்னும் கொஞ்சம் கறி போடவா?" என்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

காரடிக்கு வழியனுப்பப் போனது மார்ஜரி மட்டும். மிஸிஸ் வீரக்கோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "என்ன கோலத்தில் இருப்பீர்களோ என்று பயந்துகொண்டே வந்தேன். எங்கள் ஆட்கள் செய்த அநியாயத்துக்கு எந்த முகத்தோடு வருவது என்று நினைத்தேன். தீ தற்செயலாகப் பிடித்ததாம், நீங்களும் நன்றாக இருக்கிறீர்கள். எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?"

அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து வீட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நெல் மூட்டைக்கு நடுவே விரித்த பாயைக் காட்டியிருக்கலாம். மார்ஜரி திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் ஹெர்பர்ட் டையோடு நின்றார். பழைய ஹெர்பர்ட் மாதிரியே, நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார். ஆறு மாதமாக அந்த மனுஷன் சிரிக்கவே இல்லை.

"பொஹொம ஸ்தூதியி நோனா" என்று நன்றி சொல்லி மார்ஜரி கார்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் அரிசிக் கடைக்கு அருள்மணி டெலிபோன் எடுத்தாள். மக்கீன் ரிசீவரைக் கொடுத்துவிட்டு மரியாதையாக வெளியே போய் நின்றார். ஹெர்பர்ட் மார்ஜரியின் தோளோடு ஒட்டி நின்று, ரிசீவரில் காது வைத்துக் கேட்டார்.

"அனுமதி இல்லன்னுட்டாங்கம்மா. வீட்டுல வசதியாத்தான் இருக்காங்களாம். தீ ஏதோ தற்செயலாப் பிடிச்சதாம். அந்தம்மா அப்படிச் சொன்னாங்களாம்."

மார்ஜரி ஹெர்பர்ட்டைப் பார்த்தாள்.

"இந்த டேர்ம் முடிய வந்துறணும். இன்னும் ஒரே வருஷம்தாம்மா இருந்திச்சு." அருள்மணி அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், அவளிடமிருந்து இதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. "நீங்க மூட்டைக்கு நடுவுல படுத்துக் கெடக்கிறத கண்ணால பார்த்துட்டுப் போய் எப்படிம்மா அப்படிச் சொல்ல முடிஞ்சிச்சு? சிங்கள ஆள்தானே. எரிச்சதும் அவங்க, இல்லன்னு சாட்சி சொல்றதும் அவங்க. சாகுற வரைக்கும் இத மறக்க மாட்டேன்."

தன் கையைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் கை மார்ஜரிக்கு நினைவு வந்தது. இல்லை மகள், அவங்க மேல ஒரு பிழையும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்று வரும்.

ஹெர்பர்ட் ரிசீவரிலிருந்து காதை எடுத்துவிட்டார். தரையில் சிந்திக் கிடந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கம்மா. வேணும்னுதானே செஞ்சாங்க?"

"ஆமா மகள்" என்றாள் மார்ஜரி.