வெள்ளிக்கிழமை இன்ஜின்

கிள்ளான் துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டிய பழனியப்பனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டியைச் சும்மா நிற்க விடக் கூடாது. அதனால்தான் மகன் முகுந்தன் போன பிறகு, அவனுடைய மைவி காரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் ஸ்டார்ட் செய்துவந்தார். சாமி படத்துக்கு விளக்கேற்றுவார். ஊதுபத்தியைக் கொண்டுவந்து காருக்கும் காட்டுவார். பிறகு சாவியைத் திருகி, இரண்டு மிதி மிதித்து, ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைத்துவிடுவார். கேட்டைத் தாண்டி ஓட்டிப் போனதே இல்லை. மகன் சீட்டில் உட்கார்ந்து தெருவில் போக அந்த மனுஷனுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

முகுந்தன் நோய்நொடி என்று படுத்தவன் இல்லை. போன வருஷம் ஒரு மதியம் வேலை முடிந்து வந்து படுத்தான், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். முப்பத்து நாலு வயசு. இதயம் நிற்கிற வயசா அது? பாவிப் பயல், பெண்டாட்டியையும் சின்னப் பிள்ளையையும் அப்பன் கையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டில்கூட பழனியப்பன் ஒரு சொட்டு அழவில்லை. ஆள் கல் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், அவர்களுக்கு வேறென்ன வேலை.

மருமகள் லோகேஸ்வரிக்கும் அந்தக் காரில் ஏற மனம் வரவில்லை. கிராப் டாக்சி பிடித்துத்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“மாமா, காஜாங்ல ஒரு கிளினிக்ல வேலை கெடச்சிருக்கு. அம்மா வீட்டுலேருந்து பக்கம். யாழினியக் கூட்டிக்கிட்டு அங்கயே போயிடலாம்னு இருக்கேன்.”

பழனியப்பன் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

“காரு வேணும் மாமா. பிள்ளைய பாத்துக்கிற தாஸ்காவுல விட்டுட்டு நான் வேலைக்கு ஓடணும். ஆனா நேத்து எடுத்துப் பாத்தேன், ஸ்டார்ட் பண்ணா உதறுது, கியர் போட்டா செத்துப் போயிடுது. ராதா அண்ணன்கிட்ட காட்டுறீங்களா?”

ராதாகிருஷ்ணன் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கார் பட்டறை வைத்திருப்பவன். முகுந்தனோடு பள்ளியில் படித்தவன், வாய் கொஞ்சம் நீளம். வந்து காரை இழுத்துக்கொண்டு போனான். இன்ஜினுக்குள் பெட்ரோல் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, கண்ணாடிக் குழாய் வைத்த மிஷினில் மாட்டி ஓடவிட்டு, பழனியப்பனைக் கிட்டே கூப்பிட்டான்.

“பாருங்க அங்கிள். கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிற மாதிரி பூவா வரணும். இது எப்படி வருது? ஒண்ணு ஓட்டப் பைப்பு மாதிரி ஒழுகுது, ஒண்ணு கோணலா அடிக்குது, இந்தா இது சுத்தமா அடைச்சிருச்சு.”

முனைகளில் கரி அப்பியிருந்தது.

“எவன் அங்கிள் இத சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணது? இன்ஜின் சூடேறவே விடல. அப்புறம் பெட்ரோல் எண்ணெ எரியாம கரியாத்தான் படியும். டேங்குல இருக்கிறதும் பழசு, பிசினாப் போச்சு. ஒரு காரக் கொல்லணும்னா இதவிட நல்ல வழியே இல்ல லா.”

“லோரிய நாங்க அப்படித்தான் சூடாக்குவோம்” என்றார் பழனியப்பன், குரலே இல்லாமல்.

“சூடாக்கிட்டு ஜொகூர் வரைக்கும் ஓட்டுவீங்க. இது எங்க ஓடுச்சு?”

சொன்ன பிறகுதான் ராதாகிருஷ்ணனுக்கு விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டான். “பரவால்ல அங்கிள், கழுவினா சரியாயிடும்” என்றான்.

கழுவினால் சரியாகிவிடும். சரியானால் அவள் போய்விடுவாள். கார் இல்லாமல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அங்கே அவளால் சமாளிக்க முடியாது என்பது பழனியப்பனுக்குச் சட்டென்று பிடிபட்டது. காலையில் மீசையைப் பிடித்து இழுத்து எழுப்புகிற பேத்தி இல்லாமல் அந்த வீட்டில் அவர் என்ன செய்வார்? சுவரையா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

“தம்பி, சாமான் வரல, லேட்டாகும்னு மருமககிட்ட சொல்லிடு.”

“எதுக்கு அங்கிள்?”

“சொல்லுன்னா சொல்லுடா.”

கிழவர் முகத்தைப் பார்த்தவன் மேற்கொண்டு தோண்டவில்லை. ரொம்ப நாளைக்குப் பொய் சொல்ல வராது என்று மட்டும் முணுமுணுத்தான். பழனியப்பன் வீட்டுக்கு வந்து, ஏதோ சாமான் ஜப்பானிலிருந்து வர வேண்டுமாம் என்று கூசாமல் புளுகினார். லோகேஸ்வரி தலையாட்டினாள். நம்பினாளோ என்னவோ.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றிவிட்டு ஊதுபத்தியோடு வாசலுக்குப் போனால், கார் நின்ற இடத்தில் காய்ந்த இலைதான் கிடந்தது. ஊதுபத்தியைத் துளசித் தொட்டியில் குத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். லோகேஸ்வரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“யாழினி எங்கம்மா?”

“தூங்குறா மாமா. இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குறா.”

“ஏன், மத்த வெள்ளிக்கிழமைக்கு என்ன?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“காரு சத்தம் கேட்டா முழிச்சிக்குவா மாமா. அப்பா வந்துட்டாரு, கதவத் தொறன்னு கத்துவா. நான் ரூம் கதவச் சாத்தி, அவளப் புடிச்சு மடியில அமுக்கிக்குவேன். நீங்க ஆஃப் பண்ணிட்டு உள்ள வர்றதுக்குள்ள அழுது ஓஞ்சு போயிடுவா.”

பழனியப்பனுக்கு முதலில் ஏறவில்லை. ஏறியதும் கேட்டார்.

“அதுக்குத்தான் போறியா?”

“அதுக்கும்தான்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஐயோ கடவுளே, அன்னைக்கே நிறுத்தித் தொலைச்சிருப்பேனே!”

“எப்படி மாமா சொல்றது? நீங்க அழவே இல்ல. அந்த அஞ்சு நிமிஷம்தான் நீங்க அழறீங்கன்னு நெனச்சேன். அதையும் நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்வேன்?”

இனிமேல் செய்ய மாட்டேன், இருந்துவிடும்மா என்று கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சிப் பழகாத ஆள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளினிக்கில் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, அம்மா அறையைக் காலி செய்து வைத்துவிட்டாள் என்றாள். தோசை கருகிப் போயிருந்தது.

அன்றைக்கே பட்டறைக்குப் போனார். இன்ஜெக்டர் நாலையும் கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு, தூசு படாமல் துணியில் மூடி வைத்திருந்தான் ராதாகிருஷ்ணன். மிஷினில் ஓட்டிக் காட்டினான். நாலும் புகை மாதிரி ஒரே சீராகத் தெளித்தன.

“மாட்டிடு தம்பி.”

“டேங்கு எண்ணெய வடிச்சிடவா அங்கிள்? முகுந்தன் ஊத்துனது, அதான் கேக்கறேன். அது இருந்தா திரும்பவும் அடைச்சிக்கும்.”

கேட்காமலே வடித்துத் தொலைத்திருக்கலாம் அந்தப் பயல். பழனியப்பன் டேங்க் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வடித்துவிடச் சொன்னார். பழுப்பேறிப்போய், வார்னிஷ் நாற்றத்தோடு அது டின்னில் விழுந்து முடிகிற வரைக்கும் நின்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பைகளையெல்லாம் அவரே காரில் ஏற்றினார். யாழினியைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டார்.

“தாத்தா வரலியா?”

“நீ முன்னாடி போடா தங்கம். தாத்தா அப்புறமா வரேன்.”

லோகேஸ்வரி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். உதறல் இல்லை, உறுமல் இல்லை. குனிந்து உள்ளே டாஷ்போர்டு விளக்கைப் பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று பழனியப்பன் தெரிந்துகொண்டார். யாழினி தலையைக்கூடத் திருப்பவில்லை. பிஸ்கட் வேண்டும் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவர் கூடவே நின்று பழுது பார்க்கவைத்தார், நடந்துவிட்டது. நல்லதுதான், பிள்ளை இனி அழாது. கார் தெரு முனையில் திரும்பி மறைந்ததும் பழனியப்பன் கேட்டைச் சாத்தினார். மகன் அந்த நிமிஷம்தான் செத்தது போல இருந்தது. கார் சத்தம் கேட்டு, முகுந்தன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நம்ப மிச்சமிருந்த ஒரே ஆளையும் அவரே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்.